பாலடின் தவறினால் தீர்ப்பு யாருடையது?

பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் மந்திரவாதி பொய் சொன்னால் மேசையில் யாரும் கேட்பதில்லை. திருடன் திருடினால் அது அவன் தொழில். அறநெறிக்கு உறுதிபூண்டு வரம் பெற்ற வீரனான பாலடின், கைதி ஒருவனை அடித்துவிட்டால் மட்டும் ஆட்டம் நின்றுவிடுகிறது: அவன் வரம் போயிற்றா, இல்லையா? ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கும் ஆட்டக்காரருக்கும் மனத்தாங்கல் வருவது பல நேரம் இந்த இடத்தில்தான்.

விதிநூல்களே இதில் ஒரே நிலையில் நின்றதில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. மறு ஆண்டே கிரேஹாக் துணைநூலில் பாலடின் சேர்ந்தான். நெறி பிறழ்ந்த ஒரு செயல் போதும், தகுதி போய்விடும், திரும்பவும் வராது என்றது அந்நூல். 1978 விதிநூல் சில பிழைகளுக்குப் பிராயச்சித்தம் வைத்தது. மனமறிந்து செய்த தீமைக்கு வைக்கவில்லை. 2014 பதிப்பு, பாலடின் தானே ஏற்கும் உறுதிமொழியை நடுவில் வைத்தது. எது மீறல் என்று முடிவுசெய்யும் வேலை மேசைக்கு வந்து சேர்ந்தது. மேசை தனக்கென வகுக்கும் ஹவுஸ் ரூல் தேவைப்படுவது அதற்காகத்தான்.

அந்த விதியை எப்படி அமைப்பது என்பதற்குப் இராமாயணத்தை நிழற்பாவைகளால் நடத்தும் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைப் பார்க்கலாம். கூத்து வழிபாடு, நம்முடையது விளையாட்டு. அந்த வேறுபாடு இருக்கட்டும். தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டதால் இராவண வதத்தைக் காணாத பத்ரகாளிக்காக நடத்துவது என்பது ஐதீகம். கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடத்துக்கு எதிரே ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்பதில்லை. 7, 14, 21 என்று இரவுகளின் கணக்கு கோயிலுக்குக் கோயில் மாறும். பாட்டு பெரும்பாலும் கம்பனுடையது. அதன்மேல் எழும் உரையும் கேள்வி பதிலும் பாவையாட்டும் புலவர்களுடையவை.

கம்பனில் இல்லாத ஒரு நிகழ்ச்சியையும் புலவர்கள் சேர்த்திருக்கிறார்கள். சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவத்திலிருக்கையில், இலக்குவன் அவனை அறியாமல் கொன்றுவிடுகிறான். இலக்குவன் வீழ்வதில்லை, ஆனால் சூர்ப்பணகையின் பக்கம் ஒரு நியாயம் பிறந்துவிடுகிறது. வாலி வதையிலோ, மறைந்து நின்று எய்த இராமனை அம்பு தைத்துக் கிடக்கும் வாலி கேள்விமேல் கேள்வி கேட்கிறான். ஒளிந்து எய்தது ஏன் என்பதற்குக் கம்பனில் விடை சொல்பவன் இலக்குவன். அடிபட்டவன் முதலில் பேசுகிறான், உடன் நிற்பவன் மறுமொழி சொல்கிறான், முடிவு அதற்குப் பிறகே வருகிறது.

இதிலிருந்து நான்கு விதிகளை முன்வைக்கிறோம். உறுதிமொழியை முதல் அமர்வுக்கு முன்பே ஆட்டக்காரர் சில வரிகளில் எழுதித் தரட்டும். அதில் இல்லாததற்குத் தண்டனை இல்லை. மீறல் நெருங்கினால், டைஸ் உருளும் முன்பே கேம் மாஸ்டர் எச்சரிக்க வேண்டும். அறியாமல் நேர்ந்ததற்கு வரம் போகக் கூடாது. பகையும் பழியும் கதைக்குள் வரட்டும். தெரிந்தே மீறினால், பாதிக்கப்பட்ட பாத்திரமும் தோழர் ஒருவரும் பேசிய பிறகே முடிவு. அந்த முடிவிலும் மீள ஒரு வழி இருக்க வேண்டும்.

இதனால் ஆட்டம் இழுபடும் என்பார்கள். சொல்லாமல் வரத்தைப் பறித்து, ஆட்டக்காரர் எழுந்து போய்விட்டால் ஆட்டமே முடிந்துவிடும். பாலடினின் வரத்தைக் கேம் மாஸ்டர் தனித்துப் பறிக்கும் வழக்கத்தை நம் மேசைகள் கைவிட வேண்டும். அடுத்த தொடரைத் தொடங்குமுன் அந்தச் சில வரிகளை எழுதி வாங்குங்கள்.