பரணில் கிடக்கும் சாட்சிகள்

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர், கைக்குழந்தை உட்பட, தாமிரபரணியில் மாண்டார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாக விசாரணை ஆணையம் சொன்னது. போலீஸ் ஆற்றுக்குள் விரட்டி அடித்ததைக் காட்டியவை வீடியோ பதிவுகள்தான்.

நம் போராட்டங்களின் இப்படிப்பட்ட கேசட்டுகள் எத்தனை தோழர்களின் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன? வி.சி.ஆர். தயாரிப்பே 2016-இல் நின்றுவிட்டது. அரசு வந்து காப்பாற்றும் என்று நாம் காத்திருப்பது ஏமாளித்தனம்.

ஓடுகிற வி.சி.ஆர்., யு.எஸ்.பி. கேப்சர் கருவி, லினக்ஸ் கணினி, இலவச எஃப்எஃப்எம்பெக் போதும். ஒரே வரிக் கட்டளைதான். கறுப்புத் திரையைப் பார்த்து 'இது நமக்கு வராது' என்று ஒதுங்க வேண்டாம். எழுத்தையே நமக்கு மறுத்தவர்கள் ஊட்டிய பயம் அது. முழுப் பதிவையும் வெட்டாமல் இரண்டு இடங்களில் வைப்போம். நம் சாட்சி நம் கையில் இருக்கட்டும்.