அத்திமரம் துளிர்த்தது 1948-இல் அல்ல

மேற்கு ஆசியாவில் ஒரு ஏவுகணை பறந்தால் போதும், நம்மூர் கன்வென்ஷன் பந்தல்களில் மத்தேயு 24-ஆம் அதிகாரத்தைத் திறந்துவிடுவார்கள். மேடைக்குப் பின்னால் ஏழு வளைவுகள் வரைந்த துணிப்படம் தொங்கும். ஏதேனில் தொடங்கி ஆயிரவருட அரசாட்சியில் முடியும் அந்தப் படத்தில், நாம் இப்போது நிற்கும் இடத்தைப் பிரசங்கியார் குச்சியால் தொட்டுக் காட்டுவார். அது எப்போதும் ஆறாவது வளைவின் கடைசி ஓரமாகத்தான் இருக்கும்.

பாடம் எல்லாருக்கும் மனப்பாடம். 1948 மே 14 அன்று இஸ்ரேல் நாடு பிறந்தது. இயேசு சொன்ன அத்திமரம் துளிர்த்தது அன்றுதான். அதைக் கண்ட சந்ததி மறையுமுன் முடிவு வரும். அதற்கு முன்னால் இரகசிய வருகை. பிறகு ஏழு வருட உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, எருசலேமில் மூன்றாம் ஆலயம், அர்மகெதோன். இதில் ஒன்றைக் கேள்வி கேட்டாலும் அவிசுவாசி என்ற பட்டம் கிடைத்துவிடும்.

நான் வேதத்தை நம்புகிறவன். தீர்க்கதரிசனம் தவறாமல் நிறைவேறும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. என் வழக்கு இவ்வளவுதான்: அந்த அதிகாரத்தில் சொன்னவற்றில் பெரும்பகுதி, அதைக் காதால் கேட்டவர்கள் உயிரோடிருக்கும்போதே, கி.பி. 70-இல் நடந்து முடிந்துவிட்டது. அதை அங்கிருந்து பெயர்த்து நம் காலத்தில் நட்டால், சொன்னவருடைய வாக்குதான் பொய்யாகிறது.

துணிப்படத்தின் வயதை முதலில் பார்ப்போம். உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்ற ஏற்பாட்டை 1830-களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம் அதை வசனங்களுக்கு அடியிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. எது வசனம், எது குறிப்பு என்ற வித்தியாசம் பல வாசகர்களுக்கு அதோடு மங்கிப்போனது. 1970-இல் ஹால் லிண்ட்சேயின் புத்தகம் அதையே நாவல்போல் விற்றது. விட்டன்பர்க்கில் லூத்தரோ, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவோ கேள்விப்பட்டிராத பாடம் இது. புதியது என்பதாலேயே தவறாகிவிடாது. ஆனால் ஆதி அப்போஸ்தலர் உபதேசம் என்று மேடையில் சொல்லும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

அத்திமரத்துக்கு வருவோம். இதே உரையை லூக்காவும் 21-ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். அங்கே இயேசு அத்திமரத்தோடு மற்ற எல்லா மரங்களையும் பார்க்கச் சொல்கிறார். துளிர் கண்டால் கோடை நெருங்கிவிட்டது என்று அறியும் சாதாரண கிராமத்து அறிவுதான் அந்த உவமை. அத்திமரம் இஸ்ரேல் என்றால் மற்ற மரங்கள் எந்தெந்த நாடுகள்? இந்தியா, பர்மா, இலங்கை என்று அதே காலத்தில் விடுதலையான நாடுகளைப் பட்டியல் போடும் பிரசங்கிகளும் இருக்கிறார்கள்; கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அதே வாரத்தில் இயேசு ஒரு நிஜமான அத்திமரத்தின் முன் நின்று, இனி ஒருக்காலும் உன்னில் கனி இல்லை என்று சபித்ததை அவர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடையாளம் என்றால் அதுவும் அடையாளம்தானே?

கணக்கோ ஏற்கெனவே பலமுறை தோற்றது. ஒரு சந்ததிக்கு 40 வருடம் என்று வைத்து 1988 என்றார்கள்; அந்த ஆண்டில்தான் வருகை என்பதற்கு 88 காரணங்கள் காட்டி அமெரிக்காவில் ஒரு புத்தகமே வந்தது. நடக்கவில்லை. தொடக்கப் புள்ளியை, கிழக்கு எருசலேமை இஸ்ரேல் பிடித்த 1967-க்கு மாற்றி 2007 என்றார்கள். பிறகு சங்கீதம் 90-இன்படி மனித ஆயுளை எடுத்துக்கொண்டு 70 வருடம், 80 வருடம் என்று நீட்டினார்கள். இப்போது கைவசம் இருப்பது 2028. இந்த வியாதி அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. திருவிதாங்கூரில் தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்து ஒரு கூட்டத்தையே காத்திருக்க வைத்தார்.

இந்தச் சந்ததி என்று இயேசு சொன்னது அத்திமரம் துளிர்ப்பதைப் பார்க்கப்போகும் எதிர்காலச் சந்ததியைத்தான் என்பது அடுத்த வாதம். மத்தேயு 23-ஐ அதோடு சேர்த்துப் படித்தால் இது நிற்காது. அங்கே ஆலயத்துக்குள் வேதபாரகரையும் பரிசேயரையும் நேருக்கு நேர் பார்த்து, இந்தப் பழியெல்லாம் இந்தச் சந்ததியின்மேல் வரும் என்கிறார். அதை நம் காலத்தவர் என்று யாரும் வியாக்கியானம் செய்வதில்லை. அங்கிருந்து வெளியே வருகிறார். சீஷர்கள் கட்டடத்தின் பெருமையைக் காட்டுகிறார்கள். இதெல்லாம் இடிக்கப்படும் என்கிறார். எப்போது என்று கேட்கிறார்கள். கேள்வி கண்ணெதிரே நின்ற அந்தக் கட்டடத்தைப் பற்றியது. பதிலை மட்டும் 2000 வருடம் கழித்து எழும்பப்போகும் வேறொரு கட்டடத்துக்கு எப்படி மாற்றுவது?

அவர் கொடுத்த அறிவுரைகளையே பாருங்கள். யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓட வேண்டும். மொட்டைமாடியில் இருப்பவன் வீட்டுக்குள் போய்ச் சாமான் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பாடு. ஓட்டம் மாரிகாலத்திலோ ஓய்வுநாளிலோ நேராதபடி ஜெபிக்க வேண்டும். உலகமே அழியும் நாளில் மலைக்கு ஓடி என்ன பயன்? ஓய்வுநாளில் ஓடினால் நாகர்கோவில்காரருக்கு என்ன இடைஞ்சல்? இவை படை வரும்போது ஒரு குறிப்பிட்ட நாட்டின் மக்கள் உயிர் தப்புவதற்கான வழிகள். லூக்கா சுற்றி வளைக்காமல் எழுதுகிறார்: எருசலேமைச் சேனைகள் சூழ்வதைக் காணும்போது அதன் அழிவு சமீபம்.

அப்படியே நடந்தது. கி.பி. 66-இல் யூதர்கள் ரோமுக்கு எதிராக எழுந்தார்கள். ரோம ஆளுநர் செஸ்டியுஸ் காலுஸ் படையோடு வந்து எருசலேமைத் தாக்கிவிட்டு எதிர்பாராமல் பின்வாங்கினான். கிறிஸ்தவர்கள் யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லாவுக்குப் போய்த் தப்பினார்கள் என்று சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 70-இல் பஸ்காவுக்கு வந்த ஜனம் நகரத்தில் நிறைந்திருந்தபோது ரோமத் தளபதி தீத்து முற்றுகையிட்டான். உள்ளே இருந்த கோஷ்டிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு தானியக் கிடங்குகளையே கொளுத்திக்கொண்டதை யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் விவரிக்கிறார். இறந்தவர்கள் 11 லட்சம் என்று அவர் தரும் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் மிகை என்கிறார்கள். பஞ்சத்தின் கோரத்தை யாரும் மறுப்பதில்லை. அந்தக் கோடையில் ஆலயம் எரிந்தது. அதன் குத்துவிளக்கைச் சுமந்துபோகும் வீரர்களை ரோமிலுள்ள தீத்து வளைவில் இன்றும் பார்க்கலாம்.

மேற்குச் சுவர் நிற்கிறதே, கல்லின்மேல் கல் இருக்கிறதே என்பார்கள். அது ஏரோது மலையைச் சமப்படுத்தக் கட்டிய மேடையின் தாங்குசுவர். ஆலயக் கட்டடத்தில் எதுவும் மிஞ்சவில்லை. அந்தச் சுவரின் தென்மேற்கு மூலையில் 1968 முதல் தொல்லியலாளர் பெஞ்சமின் மசார் தோண்டியபோது ஏரோது காலத்துத் தெரு வெளிப்பட்டது. மேலிருந்து தள்ளிய பெருங்கற்கள் தெருவின் பாவுகற்களை உடைத்துக்கொண்டு விழுந்த இடத்திலேயே குவிந்து கிடக்கின்றன. எக்காளம் ஊதும் இடத்துக்குரியது என்று எபிரெயுவில் பொறித்த ஒரு மூலைக்கல்லும் அங்கே கிடைத்தது.

சரி, சூரியன் இருண்டு நட்சத்திரங்கள் விழும் என்றாரே, அது எப்போது நடந்தது? எதிர்த்தரப்பின் பலமான கேள்வி இதுதான். பதில் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. ஏசாயா 13-இல் நட்சத்திரங்கள் ஒளி தராது, சூரியன் இருளும், சந்திரன் பிரகாசிக்காது என்று வருகிறது. அதிகாரத்தின் தலைப்பே பாபிலோனின் பாரம். அதை வீழ்த்த மேதியர் எழும்புவார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. கி.மு. 539-இல் பாபிலோன் கோரேசிடம் விழுந்தது. மறுநாள் இரவும் நட்சத்திரங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன; பாபிலோனிய வானியலாளர்கள் அதற்குப் பிறகும் அவற்றைக் குறித்துவைத்த களிமண் பலகைகள் நம்மிடம் உள்ளன. எசேக்கியேல் 32 எகிப்துக்கு இதே இருட்டைச் சொல்கிறது. ஏசாயா 19-இல் கர்த்தர் மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருகிறார். ஒரு ராஜ்யம் சரிவதைத் தீர்க்கதரிசிகள் வானமே சரிவதாகப் பாடுவது வழக்கம். இயேசு அந்த மரபில் பேசினார், கேட்டவர்கள் அதை அறிந்த யூதர்கள். நாம் மட்டும்தான் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறோம்.

யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றைக் கேட்டுக் கலங்க வேண்டாம், முடிவு உடனே இல்லை என்றுதான் இயேசு சொன்னார். நாமோ அவற்றையே முடிவின் அடையாளமாக்கிவிட்டோம். முதல் நூற்றாண்டிலும் அவற்றுக்குக் குறைவில்லை. கிலவுதியு காலத்துப் பஞ்சம் அப்போஸ்தலர் 11-இலேயே இருக்கிறது; லவோதிக்கேயா கி.பி. 60-இல் அதிர்ச்சியில் இடிந்தது. சுவிசேஷம் உலகெங்கும் போக வேண்டுமே என்றால், அது போய்விட்டதாகக் கொலோசெயருக்குப் பவுலே எழுதுகிறார்.

தானியேலின் எழுபது வாரங்களில்தான் பெரிய ஒட்டுவேலை நடக்கிறது. 69 வாரம் கிறிஸ்துவோடு முடிந்தது, அங்கே தேவன் கடிகாரத்தை நிறுத்திவிட்டார், 70-ஆவது வாரம் இனிமேல்தான் என்கிறார்கள். ஒரு வாரம் என்றால் ஏழு வருடம் என்ற கணக்கில், ஏழு வருட உபத்திரவம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் தொங்குகிறது. தானியேல் 9-இல் இடைவெளி என்று ஒரு வார்த்தையும் கிடையாது. முப்பது நாளில் கடனைத் தீர்க்கிறேன் என்றவர் 29 நாள் கழித்து, கடைசி நாள் இன்னும் பிறக்கவில்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னால் ஊரில் என்ன பெயர் கிடைக்கும்? அந்த அதிகாரத்தில் தானியேல் செய்யும் ஜெபமே எரேமியாவின் 70 வருடத்தைப் படித்ததில் பிறந்தது. அந்த எழுபதை இடையில் நிறுத்தி நிறுத்தி யாரும் எண்ணவில்லை. என் வாசிப்பில் அந்தக் கடைசி வாரம் அதன் இடத்திலேயே இருக்கிறது. அதன் பாதியில் பலியை ஓயப்பண்ணுகிறவர் அந்திக்கிறிஸ்து அல்ல, சிலுவையில் தம்மையே ஒப்புக்கொடுத்த மேசியா.

அந்திக்கிறிஸ்து என்ற பெயர் யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டுமே வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை. யோவான் தம் காலத்திலேயே அநேக அந்திக்கிறிஸ்துக்கள் வந்துவிட்டதாக எழுதுகிறார். 666-ஐ பார்கோடு, ஆதார் அட்டை, தடுப்பூசி என்று மாற்றி மாற்றி ஒட்டியாயிற்று. நீரோ இராயனின் பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதி எண் மதிப்பைக் கூட்டினால் 666 வருகிறது. சில பழைய பிரதிகளில் காணும் 616-ம் அதே பெயரின் லத்தீன் வடிவத்துக்குப் பொருந்துகிறது. வெளிப்படுத்தின விசேஷம் தொமித்தியான் இராயன் காலத்தில், நீரோவுக்குப் பின் எழுதப்பட்டது என்று சபைப் பிதா ஐரேனியு சொல்வது உண்மைதான். அப்படியானாலும் அது ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதிய கடிதம். தானியேலிடம் புத்தகத்தை முத்திரை போடச் சொன்னவர், யோவானிடம் காலம் சமீபம், முத்திரை போடாதே என்கிறார். தானியேலின் புத்தகம் காத்திருந்ததே சில நூறு வருடம். சமீபம் என்பதற்கு 2000 வருடம் என்று பொருள் கொள்ள என்னால் முடியவில்லை.

இத்தனை ஒட்டுவேலைக்கும் காரணம் வேதத்தின் கதையைப் பற்றிய ஒரு தவறான எண்ணம். இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம், சபைக்கு ஒரு திட்டம். முதலாவது நின்றுபோனதால் இடையில் செருகியதே சபை என்று நினைக்கிறார்கள். நான் வாசிப்பது ஒரே கதையை. ஏதேனில் இழந்ததை மீட்க ஆபிரகாம் அழைக்கப்படுகிறான். அவன் சந்ததியில் பூமியின் குடும்பங்கள் எல்லாம் ஆசீர்வாதம் பெற வேண்டும். அந்தச் சந்ததி கிறிஸ்து என்று கலாத்தியர் 3 சொல்கிறது. யோவேல் சொன்ன கடைசி நாட்கள் இதுவே என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து நின்று சொல்கிறான். தாவீதின் கூடாரம் மறுபடி எழும்பும் என்ற ஆமோசின் வாக்கை, புறஜாதிகள் சபைக்குள் வருவதில் யாக்கோபு காண்கிறான். எரேமியாவின் புதிய உடன்படிக்கை எபிரெயர் 8-இல் வந்துவிட்டது. ஆலயம் தம் சரீரம் என்று இயேசுவே காட்டிய பிறகு, மூன்றாவது ஆலயம் கட்டி ஆட்டுக்கடா பலியிட ஆசைப்படுவது எபிரெயர் நிருபத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

யூதர்களைத் தேவன் தள்ளிவிட்டார் என்பது இதன் பொருளல்ல. கி.பி. 70-ஐக் காட்டி யூதர்களை வதைத்த கிறிஸ்தவ ஐரோப்பாவின் பாவம் பெரிது. ரோமர் 11-இல் பவுல் வெட்டுண்ட கிளைகள் மறுபடி ஒட்டப்படும் என்கிறார், ஒட்டியிருப்பவர்கள் பெருமை பேசக் கூடாது என்றும் எச்சரிக்கிறார். அங்கே நிலமோ ஆலயமோ பேச்சில் இல்லை, விசுவாசம்தான் இருக்கிறது. ஆனால் துணிப்படம் வேறொரு காரியமும் செய்கிறது. 2023 அக்டோபரில் காஸாவின் புனித பொர்பீரியு தேவாலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் குண்டுவீச்சில் செத்தார்கள். போர்ச் செய்தி எல்லாம் அடையாளம் என்று பழகிவிட்ட நம் ஜெபக்கூட்டங்களில் அவர்களுக்காக ஜெபித்தவர்கள் எத்தனை பேர்?

அப்படியானால் இரண்டாம் வருகையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று போதித்த இமெநேயுவையும் பிலேத்துவையும் பவுல் கண்டித்தார். நான் அவர்கள் பக்கம் இல்லை. அப்போஸ்தலர் 1, 1 கொரிந்தியர் 15 இரண்டும் சொல்லும் நாள் இனிமேல்தான். அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்பது அதே மத்தேயு 24-இன் 36-ஆம் வசனம்.

போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2028 என்று மைக்கில் சொல்லுமுன், லூக்கா 21-ஐ 20-ஆம் வசனத்திலிருந்து 32 வரை சபைக்கு நிறுத்தாமல் வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகும் அந்த வருடத்தைச் சொல்ல மனம் வந்தால், அது நடக்காமல் போனால் அதே மேடையில் நின்று பதில் சொல்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.