அளவுகோல் ஆண்பால்

சேமநல அரசுகளில் ஆண்-பெண் சமத்துவம் பற்றிய ஆய்வு இன்று ஒரு தனித் தொழில். அதன் உற்பத்திப் பொருள் பட்டியல். ஸ்வீடன் எத்தனையாவது, ஜெர்மனி எத்தனையாவது, அமெரிக்கா எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிட்டால் ஆய்வு முடிந்தது. எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று கேட்பவன் விஷயம் தெரியாதவன். அந்த விஷயம் தெரியாத கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-ல் வெளியிட்ட ‘சேமநல முதலாளித்துவத்தின் மூன்று உலகங்கள்’ இத்துறையின் வேதநூல். அவர் சரியாகவே தொடங்கினார். அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சந்தையில் தன்னை விற்றுக்கொள்ளாமல் ஒருவன் எந்த அளவுக்கு மரியாதையாக வாழ முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். கூர்மையான கேள்வி. ஆனால் 18 நாடுகளை இப்படி அளக்க அவர் எடுத்துக்கொண்டவை மூன்று: முதியோர் ஓய்வூதியம், நோய்க்கால உதவி, வேலையின்மை உதவி. மூன்றும் கூலி வேலையில் இருப்பவனை மையமாக வைத்துக் கட்டப்பட்டவை. வீட்டுக்குள் கூலியின்றி உழைப்பவள் சந்தையில் விற்கப்படவேயில்லை. விற்கப்படாதவளை விற்பனையிலிருந்து விடுவிப்பது எப்படி? அவளுடைய முதல் விடுதலை ஒருவேளை சந்தைக்குப் போக முடிவதாகவே இருக்கலாம். மேலே ‘ஒருவன்’ என்று எழுதியது மொழிப் பழக்கத்தால் நேர்ந்ததல்ல. அந்த ‘அன்’ விகுதிதான் அவருடைய முறையியல்.

இதை உடனேயே சொன்னார்கள். ஆண் சம்பாதிப்பான், பெண் பராமரிப்பாள் என்ற ஏற்பாட்டை ஒவ்வோர் அரசும் எவ்வளவு அழுத்தமாகக் கட்டிக்காக்கிறது என்று பார்த்தால் நாடுகளின் வரிசையே மாறிவிடுகிறது என்று ஜேன் லூயிஸ் 1992-ல் காட்டினார்: பிரிட்டனும் அயர்லாந்தும் ஒரு கோடியில், ஸ்வீடன் மறு கோடியில், பிரான்ஸ் நடுவில். கணவன் தயவில்லாமல் ஒரு பெண் தனக்கென ஒரு குடும்பத்தை அமைத்து நடத்த முடிகிறதா என்று கேளுங்கள் என்றார் ஆன் ஓர்லாஃப், 1993-ல். எஸ்பிங்-ஆண்டர்சன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1999-ல் எழுதிய நூலில், குடும்பத்தின் பராமரிப்புச் சுமையை அரசு எவ்வளவு இறக்கிவைக்கிறது என்பதையும் அவர் கணக்கில் சேர்த்தார். சேர்த்தார், அவ்வளவுதான். மூன்று உலகங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. பெண் ஒரு கூடுதல் கட்டமாக உள்ளே வந்தாள்.

கூடுதல் கட்டம் போதாது என்பதற்கு ஸ்வீடனே சாட்சி. 1971-ல் அங்கே கணவன், மனைவி வருமானத்துக்குத் தனித்தனி வரி வந்தது. 1974-ல் தாய்க்கு மட்டும் இருந்த பேறுகால விடுப்பு பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பாயிற்று. சட்டத்தில் சமத்துவம் முழுமை. முதலாண்டில் தந்தையர் எடுத்தது மொத்த நாட்களில் 0.5 சதவீதம். இருபது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1995-ல் ஒரு மாதத்தை, எடுக்காவிட்டால் இழக்க வேண்டியதாக, ஒவ்வொருவருக்கும் ஒதுக்கினார்கள். 2002-ல் இரண்டாவது மாதம், 2016-ல் மூன்றாவது. மொத்தம் 480 நாட்கள், ஆளுக்குப் பாதி. அதில் 90 நாள் போக மிச்சத்தை ஒரு கையெழுத்தில் மனைவிக்கு மாற்றிவிடலாம். மாற்றுகிறார்கள். சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் தந்தையர் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் நிற்கிறது. இதற்குத் ‘தேர்வுச் சுதந்திரம்’ என்று பெயர்.

ஒதுக்கிய மாதமாவது ஆணை மாற்றியதா? அதைப் பரிசீலித்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. மாதத்தை எடுத்தார்கள். ஆனால் பின்னாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது யார் என்பதில் மாற்றமில்லை.

பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போனார்கள் என்பது உண்மை. எங்கே போனார்கள்? நகராட்சியின் குழந்தைக் காப்பகத்துக்கு, முதியோர் இல்லத்துக்கு, மருத்துவமனைக்கு. சொந்தக் குழந்தைக்கும் மாமியாருக்கும் கூலியின்றிச் செய்ததை ஊரார் குழந்தைக்கும் ஊரார் மாமியாருக்கும் கூலிக்குச் செய்கிறார்கள். கூலி அற்பமானதல்ல, கையில் காசு இருப்பவள் கதவைத் திறந்துகொண்டு வெளியேற முடியும். ஆனால் வேலை கைமாறியது பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு. பட்டியலில் இது ‘பெண் வேலைவாய்ப்பு’ என்ற பத்தியில் மதிப்பெண்ணாக ஏறுகிறது. ஆண் எந்தப் பக்கமாவது நகர்ந்தானா என்பதற்குப் பத்தியே இல்லை.

டென்மார்க்கைப் பற்றி க்ளெவன், லாந்தே, சோகார்ட் மூவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் சொல்கிறது. முதல் குழந்தைக்குப் பின் பெண்ணின் வருமானம் நிரந்தரமாக ஏறக்குறைய 20 சதவீதம் விழுகிறது. ஆணின் கோடு ஆடாமல் போகிறது. வருமான ஏற்றத்தாழ்வில் குழந்தையால் வருவது 1980-ல் சுமார் 40 சதவீதம், 2013-ல் சுமார் 80. படிப்பு போன்ற மற்றத் தடைகள் கரைந்துபோக, இது மட்டும் பாறையாக நிற்கிறது என்று அர்த்தம்.

மற்ற நாடுகள் இதைவிட மோசமாயிற்றே, இருப்பதில் சிறந்ததை ஏன் அடிக்கிறாய் என்பார்கள். நான் அடிப்பது அந்தச் சட்டங்களை அல்ல. அவற்றைச் சமத்துவம் என்று முத்திரை குத்தும் ஆய்வை. சட்டத் தடை குறைந்த இடத்தில்தான் எஞ்சியிருப்பது எது என்று கண்ணுக்குத் தெரிகிறது. தெரிகிற இடத்தில் ஆய்வாளர் மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்துபோகிறார்.

ஐஸ்லாந்துப் பெண்கள் எழுந்துபோகவில்லை. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதத்தினர் அலுவலகத்திலும் அடுப்படியிலும் வேலையை நிறுத்தினார்கள். ஆண்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் போனார்கள். எந்தக் கணக்கிலும் வராத உழைப்பு ஒரு பகலில் கண்முன் வந்து நின்றது. 2023-ல் உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிப் பட்டியலில் ஐஸ்லாந்து தொடர்ந்து 14-ஆவது ஆண்டாக முதலிடம். அதே ஆண்டு, அதே அக்டோபர் 24 அன்று, பெண்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். பிரதமர் கத்ரின் யாகோப்ஸ்தோத்திரும் சேர்ந்துகொண்டார். முதல் மாணவியே விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகு தேர்வாளருக்கு என்ன வேலை?

பெண் எவ்வளவு தூரம் ஆணைப் போலாகிவிட்டாள் என்று அளந்தது போதும். குழந்தை பிறந்தபின், தாய் படுக்கையில் விழுந்தபின், ஆணின் நாளில் என்ன நின்றுபோயிற்று, எத்தனை மணி நேரம் போயிற்று, எவ்வளவு சம்பளம் போயிற்று என்று அளக்கட்டும். அப்படி ஒரு பட்டியல் வந்தால் முதலிடத்தில் எந்த நாட்டின் பெயரை எழுதுவது என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கும்.