தாலியை அடகு வைத்தா பட்டம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் தாராவியில் நம் வீடுகளில் ஒரே பேச்சு. பிள்ளை இணையதளம் அமைக்கும் வேலைக்குப் போக வேண்டுமாம். அதற்குத் தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் வேண்டுமாம். ஊர் நிலத்தை விற்பதா, தாலிச் சங்கிலியை அடகு வைப்பதா?

இரண்டும் வேண்டாம் என்கிறோம் நாம்.

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளதுபோல், இன்ன பட்டம் பெற்றவர்தான் இத்தொழில் செய்யலாம் என்ற சட்டம் கிடையாது. 1989-இல் உலகளாவிய வலைக்குத் திட்டம் வகுத்த டிம் பெர்னர்ஸ்-லீ பட்டம் பெற்றது இயற்பியலில்!

அப்படியானால் பட்டமே வேண்டாமா? அது ஏமாளித்தனம். பட்டமில்லாதவர் மனுவைப் பல கம்பெனிகள் திறந்தும் பார்ப்பதில்லை. சிபாரிசுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் நுழைந்துவிடும். நம் பிள்ளைக்குப் பட்டம்தான் சிபாரிசு. ஆகவே குறைந்த செலவில் பட்டம் தேடுவோம். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணினி அறிவியல் போதும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. உண்டு. மேற்கொண்டு எம்.சி.ஏ. இப்போது 2 ஆண்டுதான்.

மிச்சப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள். படிக்கும்போதே தெரு இட்லிக் கடைக்கு ஒரு தளம் அமைக்கட்டும். "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்பவரிடம் அதைக் காட்டலாம்.

குடிபெயர்ந்த தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் புகுந்த மாநிலத்தின் இடஒதுக்கீடு இல்லை என்று 1990-இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. அந்தக் கதவு அடைபட்டதால்தான் நம்மில் பலர் நன்கொடைக் கல்லூரியின் வாசலில் நிற்கிறோம். தோழர்களே, தனித்தனியாகக் கடன் வாங்கியது போதும். அரசுக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்கு என்று சேர்ந்து கேட்போம்!