மாடிக்கு ஒரு நாற்காலி

நம்ம காலேஜில் நாற்காலிக்குப் பஞ்சமே இல்லை. கிளாஸில் இருக்கு, கேன்டீனில் இருக்கு, கேட்டில் செக்யூரிட்டி அண்ணாவுக்கும் ஒண்ணு இருக்கு. ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களுக்கு? மதியம் உங்க பிளாக்கின் படிக்கட்டுக்குக் கீழே எட்டிப் பாருங்க. வாளிக்கும் மாப்புக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க.

அவங்களில் பலர் ஐம்பதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது 45 முதல் 55 வயதுக்குள். அந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். திடீர்னு உடம்பு கொதிக்கும், ராத்திரி தூக்கம் கெடும். முட்டித் தேய்மானமும் இந்த வயதில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இதோடுதான் நாலு மாடி ஏறி இறங்குறாங்க.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஃபெட்டிக் பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்னச் சுமைதான், ஆனா திரும்பத் திரும்ப வந்தால் இரும்பே ஒரு நாள் விரிசல் விடும். இரும்புக்குக் கணக்குப் போடுகிற நாம், முட்டிக்குப் போடுவதில்லை.

'உட்கார விட்டால் வேலை நடக்காது' என்பார்கள். ஜவுளிக்கடை முதலாளிகளும் இதைத்தான் சொன்னார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் கழிப்பறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் திருத்தியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பது இன்று சட்டம். அதற்காக எந்தக் கடையும் மூடிப் போகவில்லை. அந்தச் சட்டம் கடைகளை நினைத்து வந்ததுதான். ஆனா வலிக்கிற முட்டிக்குக் கடை, காலேஜ் வித்தியாசம் தெரியாதே!

அந்த அம்மாக்கள் கான்ட்ராக்டில் இருப்பவர்கள். வாய் திறந்து கேட்டால் அடுத்த மாசம் வேலை இருக்குமா என்ற பயம் அவங்களுக்கு உண்டு. நமக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் நாமதான் கேட்கணும். கேட்க வேண்டியது ரெண்டே விஷயம். மாடிக்கு ஒரு நாற்காலி. அவங்க சாப்பிட, கொஞ்ச நேரம் காலை நீட்ட, ஃபேனும் பக்கத்தில் கழிப்பறையும் உள்ள ஒரு அறை. உங்க கிளாஸ் ரெப்பிடம் சொல்லி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு பிரின்சிபாலிடம் ஒரு மனு கொடுங்க.

சிம்போசியம் வந்தால் நூறு சேரைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஓடுறோம். முடிஞ்சதும் திருப்பி எடுக்கும்போது, பெர்மிஷன் வாங்கி மாடிக்கு ஒண்ணை அங்கேயே விட்டுட்டு வரலாமே?