மெயின் எங்கே?

தேர்வில் வராத ஒரு கேள்வி. நீங்கள் வேலை செய்கிற லேபில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? யோசிக்காமல் கை காட்ட முடியுமா?

என்னால் முடியவில்லை. போன செமஸ்டரில் டி.சி. ஷன்ட் மோட்டாரை லோடு இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஃபீல்டு ஒயர் கழன்றுவிட்டது. மூன்று பாயின்ட் ஸ்டார்ட்டராக இருந்தால் கைப்பிடி தானாக விழுந்திருக்கும். எங்களுடையது நான்கு பாயின்ட். ஃபீல்டு போனால் வேகம் எகிறும் என்று எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நாங்கள். ஆனால் மோட்டார் ஊளையிட்டதும் "ஆஃப் பண்ணுடா, ஆஃப் பண்ணு!" என்று கத்தத்தான் தெரிந்தது. டேபிள் சுவிட்ச் மோட்டாருக்கு அந்தப் பக்கம். மெயின் போர்டு பீரோவுக்குப் பின்னால். அட்டெண்டர் அண்ணன் ஓடிவந்து அணைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் திறமை அல்ல, அதிர்ஷ்டம்!

ஆபத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு வேலை அறையிலும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவே சொன்னது. தேர்ந்த தொழிலாளிக்கே அது தேவையென்றால், கற்றுக்குட்டிகளான நமக்கு?

கேட்பது பெரிய செலவில்லை. வாசலருகே, மஞ்சள் பின்னணியில், காளான் தலை போன்ற சிவப்புப் பொத்தான். அமுக்கினால் அமுங்கியே நிற்க வேண்டும். விடுவித்தாலும் மெஷின் தானாக ஓடக் கூடாது. டேபிள் சப்ளை போகட்டும், ஆனால் விளக்கு அணையக் கூடாது. இருட்டில் வாசலைத் தேட முடியாது. கெமிஸ்ட்ரி லேபில் கேஸ் வால்வு தனியாக, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கேஸ் வாடை வந்தால் வால்வைத்தான் மூட வேண்டும், அறைக்குள் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது.

"பசங்க விளையாட்டுக்கு அமுக்கிடுவாங்க" என்பார்கள். அமுக்கட்டுமே! வீணாய்ப் போன எக்ஸ்பெரிமென்ட்டை மறுநாள் செய்யலாம். போன விரல் வருமா?

முதல் லேப் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவனும், மாணவியும் ஒரு முறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பதற்றத்தில் கை தானாகப் போகும்.

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஒரு நாளும் ரெகுலேட்டரை மூடாமல் படுத்ததில்லை. இருட்டிலும் அவள் கை தடுமாறாது. டிப்ளமோ வாங்கப் போகிற நமக்கு அந்தப் பழக்கம் வேண்டாமா?

நாளை லேபுக்குள் நுழைந்ததும் முதலில் மெயினைத் தேடுங்கள். முன்னால் பீரோ இருந்தால், நாலு பேர் சேர்ந்து நகர்த்துங்கள்.