சேசிஸ் சுத்தம்!

உலகத்தில் மச்சினன்கள் இரண்டு வகை. நம் பைக்கை இரவல் வாங்கிப் போய், பெட்ரோல் இல்லாமல் திருப்பித் தருகிறவர்கள் ஒரு வகை. பழைய ஜிப்ஸி வாங்கிவிட்டு, "மாமா, ஞாயித்துக்கிழமை மெக்கானிக்கிட்ட கூட வர்றீங்களா?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. எனக்கு இரண்டும் ஒரே உருவத்தில் வாய்த்திருக்கிறது.

ஜிப்ஸியைத் தெரியாதவர்களுக்கு: 1985-ல் மாருதி கொண்டுவந்த வண்டி. போலீஸ், ராணுவம், வனத்துறை, சினிமா வில்லனின் அடியாட்கள் என்று சகலரையும் சுமந்துவிட்டு 2019-ல் ஷோரூமிலிருந்து விடைபெற்றது. பின்னால் உட்கார்ந்தால் எதிர் சீட்காரரின் முழங்காலும் நம் முழங்காலும் குசலம் விசாரித்துக்கொள்ளும். சஸ்பென்ஷன் என்ற பெயரில் லாரிக்கு இருப்பதைப் போன்ற பட்டைகள். ஆனால் எடை ஒரு டன்னுக்குள். நாலு சக்கரமும் இழுக்கும். தனியாக ஒரு லோ ரேஞ்ச் கியர். அதைப் போட்டால் வேகம் குறைந்து, இழுவை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். பெரிய வண்டிகள் சேற்றில் எருமை மாதிரி உட்கார்ந்துவிட, இது ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிப் போய்விடும்.

மச்சினன் வாங்கியது 2003 மாடல் 'கிங்', 1,298 ஸி.ஸி. வாங்கிய கையோடு ஒரு லிஸ்ட் போட்டான். ஒரு வருஷ போனஸை ஒரே வாயில் முழுங்குகிற லிஸ்ட். நாலு அங்குல லிஃப்ட் கிட், தடித்தடியாய் மட் டயர், வின்ச், கூரை மேல் எட்டு விளக்கு, ஸ்நார்க்கல் என்றொரு மூக்குக் குழாய்.

"குழாய் எதுக்கு மாப்ளே?"

"ஆறு தாண்டுறப்ப இன்ஜினுக்குள்ள தண்ணி போகாது மாமா."

நொய்யலில் தண்ணீர் ஓடினால் பேப்பரில் போட்டோவே போடுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டு விவகாரங்களில் மௌனம் உத்தமம்.

மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயசிருக்கும். லிஸ்ட்டை வாங்கினார், படிக்காமலே சட்டைப் பையில் வைத்தார், ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வண்டிக்கு அடியில் போனார். டொக், டொக், டொக் என்று தட்டிக்கொண்டே வந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்றது. ஸ்க்ரூ டிரைவர் சேசிஸுக்குள் போய்விட்டது. பின்பக்கம், பட்டை வந்து சேருகிற இடம். வெளியே பளபளவென்று புது பெயின்ட். உள்ளே துரு.

"ஏனுங் தம்பி, இதுக்கு மேல லிஃப்ட் போட்டு மலையேறுனா, பட்டை ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகுமுங்க."

மச்சினன் முகத்தில் ரத்தமில்லை. போன வாரம்தான் அதே வண்டியில் என் பெண்ணை உட்காரவைத்து வாளையாறு வரை போய்வந்திருந்தான். அந்த நிமிஷத்தில் என் முகத்திலும் இருந்திருக்காது.

அண்ணன் சொன்ன வரிசை இது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கி வைத்திருக்கிற சகலரும் குறித்துக்கொள்ளலாம். முதலில் சேசிஸ்: துருப்பிடித்த பாகத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புது பிளேட் வைத்து வெல்டிங். பெயின்ட் அடித்து மறைப்பது வைத்தியம் ஆகாது. இரண்டாவது பிரேக்: ஹோஸ், சிலிண்டர், லைனிங் எல்லாம். மூன்றாவது ஸ்டீயரிங்: முன் சக்கரத்தின் கிங்பின் பேரிங் தேய்ந்திருந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கதகளி ஆடும். நான்காவது ரேடியேட்டர். லோ கியரில் ஊர்ந்து போகிற வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. ஐந்தாவது ஆயில்: இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் இரண்டு டிஃபரன்ஷியல். ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் முடிந்த பிறகு டயர். அதற்கும் பிறகு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கி.

"அப்ப லிஃப்ட்டு?" என்றான் ஈனஸ்வரத்தில்.

இங்கே கொஞ்சம் கணக்கு. லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும். கல்லில் இடிக்கிற சமாசாரமோ, அச்சின் நடுவே தொங்குகிற டிஃபரன்ஷியல் குண்டு. அதைத் தூக்க டயர் ஒன்றால்தான் முடியும். ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர் 15 டயர் 668 மில்லிமீட்டர் உயரம். 235/75 போட்டால் 733. கூடுதல் 65; அதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். ஆக, அத்தனை செலவுக்கும் லாபம் 33 மில்லிமீட்டர். இலவச இணைப்பாக, ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். பாடியைத் தூக்கினால் வளைவில் சாய்கிற சுபாவமும் கூடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம், 52-ம் பிரிவு. முன்னால் கட்டுகிற இரும்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாயிற்று. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி ஐந்து வருஷத்துக்கொரு தரம் ஆர்.டி.ஓ. முன்னால் போய் நிற்கவும் வேண்டும். லிஃப்ட், விளக்கு, குழாய் எல்லாம் அன்றே காலமாயின. கம்பெனி சொன்ன அதே அளவில், கொஞ்சம் முரட்டுப் பல் வைத்த டயர் மட்டும் வந்தது.

அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கொழுக்குமலை போனோம். மலை நம் தேனி மாவட்டத்தில். ஜீப் பாதையோ கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து! கிட்டத்தட்ட எட்டாயிரம் அடி. சொந்த வண்டி செல்லாது, அங்கத்திய ஜீப்தான். எங்களுக்கு வந்தது பழைய மகிந்திரா. லிஃப்ட் இல்லை, வின்ச் இல்லை, எக்ஸ்ட்ரா விளக்கு இல்லை. டிரைவர் தலையில் மஃப்ளர் மட்டும் எக்ஸ்ட்ரா. லோ ரேஞ்ச், முதல் கியர், கிளட்ச் பக்கமே கால் போகவில்லை. இறக்கத்திலும் அதே கியர். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது.

"கல்லைக் கண்டா நடுவுல விட்டு ஓட்டாதீங்க தம்பி, அடியில இடிக்கும். டயரை அது மேல ஏத்துங்க" என்றார். இறங்கி வரும்போது மச்சினன் அவரைக் குருநாதர் ரேஞ்சுக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம், தெரிந்தவருடைய தோப்பில், அவர் அனுமதியோடு ஜிப்ஸி களமிறங்கியது. (அனுமதியில்லாமல் காட்டுக்குள் விட்டால் வனத்துறை கேஸ் போடும். வண்டியும் அங்கேயே தங்கும்.) மொத்தம் மூன்று வண்டிகள். டயர் காற்றை 26-லிருந்து 18 பவுண்டுக்கு இறக்கினான். டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிப்பு கூடும். திரும்ப ரோட்டுக்கு வருமுன் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர். லிஸ்ட்டில் இல்லாத உருப்படி!

வாய்க்காலோரம் சேற்றில் வயிறு வரை புதைந்தது. கூட வந்தவர் ஆர்வமாக நைலான் கயிற்றைக் கொண்டுவந்து பம்பரில் கட்டப் போனார். "அண்ணா, வேண்டாம்!" என்று மச்சினன் போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காக்காய்கள் பறந்தன. சேசிஸ் கொக்கியில் மாட்டினான். கயிற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டான். எல்லோரையும், என்னையும் சேர்த்துத்தான், கயிற்று நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குத் துரத்தினான். விறைத்த கயிறு அறுந்தால் அதில் ஏறியிருக்கும் விசை மொத்தமும் அறுந்த முனையில் பறந்து வரும். அந்த முனையில் பிய்ந்துபோன பம்பர் இரும்பும் இருந்தால், அது துப்பாக்கிக் குண்டு. இந்த மாதிரி உயிர்கள் போயிருக்கின்றன.

இரண்டாவது இழுப்பில் வண்டி வெளியே வந்தது. கயிறு அறுபடவில்லை. நின்ற தூரத்துக்காக யாரும் வருத்தப்படவுமில்லை.

இப்போது அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். சென்ற வாரம் பெண் வீட்டுப் பெரியவர், "மாப்பிள்ளைக்குக் காரு இருக்குதுங்களா?" என்று விசாரித்தார்.

என் மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்: "இருக்குதுங்க. ஏ.ஸி. மட்டும் இல்லீங்க. ஆனா சேசிஸ் சுத்தமுங்க!"